அடி எங்கே போகிறது

ஆயுத பூஜையன்று ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால், அந்தப் பட்டறை எதற்கு மரியாதை வைத்திருக்கிறது என்பது வரிசையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் தன் பெட்டியோடு முன்னால் இருக்கும். அடுத்து வெர்னியர், டயல் கேஜ், ஸ்பேனர் செட். சந்தனம், குங்குமம், ஓர் இணுக்குப் பூ எல்லாம் அவற்றுக்கு. கடைசியில், ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் கற்றையாக நிற்பவைதாம் பஞ்ச்கள், சுத்தியலின் அடியை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும் கோல்கள். டப்பாவுக்கு மொத்தமாக ஒரு பொட்டு. உள்ளே இருப்பவற்றில் பாதி பஞ்ச்சாகப் பிறந்தவையும் அல்ல. எஞ்சினிலிருந்து கழற்றிய வால்வு ஒன்று, உடைந்த ட்ரில் பிட்டின் தண்டு, தலை வெட்டிய போல்ட், ஏதோ வண்டியின் ஷாஃப்ட் துண்டு.

ஸ்பேனருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத முதலாளிகூட பஞ்ச் விஷயத்தில் கையை இறுக்கிக்கொள்வார். 'ஒரு கம்பித் துண்டுதானே' என்பது அவர் கட்சி. கோயம்புத்தூர் கணபதிப் பக்கத்துப் பட்டறைகளிலும் இதைக் கேட்கலாம், சென்னை செம்புதாஸ் தெருக் கடை வாசல்களிலும் கேட்கலாம். உள்ளூர் சென்டர் பஞ்ச் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. ஜெர்மன், சுவிஸ் பின் பஞ்ச் செட் என்றால் பல ஆயிரம். இரண்டும் எஃகு. இரண்டையும் சுத்தியலால் அடிக்கத்தான் போகிறோம். அடி வாங்குவதற்கென்றே செய்த ஒன்றுக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி நியாயமானதுதான்.

'நல்லதாக வாங்கினால் நாள்பட உழைக்கும்' என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. பஞ்ச் நாள்பட உழைப்பது பெரிய காரியமில்லை. டப்பாவில் கிடக்கும் அந்த வால்வுகூட வருஷக்கணக்காக உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குப் படுவது வேறு. சுத்தியல் விழும்போதெல்லாம் எங்கேயோ எதுவோ கொஞ்சம் சேதமாகிறது. அந்தச் சேதத்தை யார் ஏற்பது என்பதில்தான் பஞ்ச்சின் விலை இருக்கிறது.

ஓர் அடி விழும்போது நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்: சுத்தியலின் முகம், பஞ்ச்சின் தலை, பஞ்ச்சின் முனை, கடைசியில் ஜாப், அதாவது வேலை நடக்கும் இரும்பு. முனை ஜாப்பைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மழுங்கும். தலை சுத்தியலைவிட மெத்தென்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று சில்லாகத் தெறிக்கும். ஒரே கம்பிக்கு இரண்டு குணம். நல்ல பஞ்ச்களில் முனை ராக்வெல் சி அளவில் 55லிருந்து 60 வரை போகும். தலையை 40ஐ ஒட்டி நிறுத்திவிடுவார்கள். அதாவது, எது தோற்க வேண்டும் என்று செய்தவர் முன்கூட்டியே முடிவெடுத்திருக்கிறார்: தலை தோற்கட்டும். தலை மெல்ல நசுங்கும், ஓரம் விரியும், கிரைண்டரில் சீவிவிட்டு மறுபடி அடிக்கலாம். சீவாமல் விட்டால் விரிந்த ஓரம் ஒருநாள் பிய்ந்து கண்ணுக்கு வரும். அது பஞ்ச்சின் குற்றமில்லை.

கடினத்தை அளக்கும் கருவியே ஒருவகைப் பஞ்ச் என்பதில் எனக்கு ஒரு ரசனை உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பேரிங் செய்யும் கம்பெனியில் இருந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் விண்ணப்பித்து 1919இல் காப்புரிமை பெற்ற முறை அது. சி அளவில் 120 பாகைக் கூர்மையுள்ள வைரக் கூம்பை 150 கிலோ சுமையோடு எஃகின்மேல் அழுத்துகிறார்கள். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் எண். குத்திப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. கண்ணால் பார்த்தால் நூறு ரூபாய்ப் பஞ்ச்சும் ஆயிரம் ரூபாய்ப் பஞ்ச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பளபளப்பில் மலிவானதே முந்திக்கொள்ளும்.

கையை இறுக்கும் முதலாளி மாட்டிக்கொள்ளும் இடம் பின் கழற்றும் வேலை. லேத்தின் லீட் ஸ்க்ரூ இணைப்பில், ஃபீட் ராடு காலரில், பழைய கியர் மையங்களில் டேப்பர் பின் இருக்கும். மெட்ரிக் டேப்பர் பின்னின் சரிவு 50க்கு 1. 50 மில்லிமீட்டர் நீளப் பின் என்றால் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கிரீஸும் இரும்புத்தூளும் சேர்ந்து உறைந்த மேற்பரப்பில் எது சின்னப் பக்கம் என்று கண்ணால் சொல்வது கடினம். துடைத்து, வெர்னியர் வைத்துப் பார்த்து, சின்னப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். பெரிய பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் பின் இன்னும் இறுகிக்கொண்டே போகும்.

பக்கம் சரியாகவே இருந்தாலும், வருஷக்கணக்காக உட்கார்ந்துவிட்ட பின் லேசில் எழுந்து வராது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பயந்துகொண்டு சின்னச் சுத்தியலை எடுத்து டிக் டிக் என்று தட்டுவான். பார்க்கப் பக்குவமாகத் தெரியும். கெடுப்பது அதுதான். லேசான அடியின் சக்தி பின்னின் முகத்திலேயே செலவாகிவிடும். முகம் விரியும். பத்து அடிக்குள் ரிவெட் அடித்த கணக்காகத் துளைவாயை அடைத்துக்கொண்டு பின் உட்கார்ந்துவிடும். இந்த வேலைக்குப் பதமும் பவ்வியமும் ஆகாது. அடியில் பின் இறங்க ஓட்டையுள்ள தாங்கு கட்டை, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது சூடு, குட்டையாக, உடம்பு பருத்து நுனி ஒடுங்கிய ஸ்டார்ட்டர் பஞ்ச், கனமான சுத்தியல், தயங்காத ஓர் அடி. பின் ஒரு நூலளவு அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பிறகே நீளமாக, ஒரே தடிமனாக இருக்கும் பின் பஞ்ச்சுக்கு முறை வரும். முதல் அடியையே நீளப் பஞ்ச்சில் அடிக்கும் பட்டறைகளில்தான் வளைந்த பஞ்ச்கள் சேர்கின்றன.

வளைவதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்க வேண்டும். விலைக்கான நியாயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது, அதுவும் நாம் எதிர்பார்க்காத மூலையில். ஓர் ஈர்க்குச்சியை மேலிருந்து நேராக அழுத்தினால் அது நொறுங்குவதில்லை, பக்கவாட்டில் வில்லாக வளைகிறது. எந்தச் சுமையில் அப்படி வளையத் தொடங்கும் என்ற கணக்கின் அடிப்படையைக் கணிதவியலாளர் லெயோனார்ட் ஆய்லர் 1744லேயே எழுதிவிட்டார். மெல்லிய தூணின் தாங்கும் சக்தி விட்டத்தின் நான்காம் படியோடு ஏறும், நீளத்தின் இருபடியோடு இறங்கும். 3 மில்லிமீட்டர் பஞ்ச் அதே நீளமுள்ள 2 மில்லிமீட்டர் பஞ்ச்சைவிட ஐந்து மடங்கு தாங்கும். நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு. சின்னப் பஞ்ச்கள் ஏன் இப்படிப் படபடவென்று போகின்றன என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு வரிக் கணக்குப் போதும்.

இந்தச் சூத்திரத்தில் எஃகின் வலிமைக்கு இடமே இல்லை. இருப்பது அதன் விறைப்பு மட்டும். விறைப்போ எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 200 கிகாபாஸ்கலை ஒட்டி. கட்டடக் கம்பிக்கும் அதுதான், சுவிஸ் கருவி எஃகுக்கும் அதுதான். காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் அது அசைந்துகொடுக்காது. ஆகவே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய 2 மில்லிமீட்டர் பஞ்ச்சும், தப்பாக அடித்தால், மலிவுப் பஞ்ச் வளையத் தொடங்கும் அதே இடத்தில் வளையத்தான் போகிறது. விற்பனைப் பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பிறகு எதற்குக் காசு? வளைந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு. மெத்தென்ற கம்பி வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். கடினம் மட்டும் ஏற்றி அரைகுறையாக விட்ட கம்பி வளைய மறுத்து ஒடியும். கடினமாக்கி, பிறகு அளவான சூட்டில் தளர்த்திய கம்பி வளையும், அடி ஓய்ந்ததும் நிமிர்ந்துவிடும். கை அதை உணரக்கூட உணராது. விலை வாங்கித் தருவது இந்த நிமிர்தலைத்தான்.

நிமிராமல் போனால் என்ன என்பதையும் பார்த்துவிடலாம். பின் ஏற்கனவே இறுகியிருக்கிறது. அதற்கு மேலே பஞ்ச்சின் நுனி ஒடிந்து துளைக்குள் மாட்டிக்கொண்டால், குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். ஒடிந்த நுனி கடினமான எஃகு, சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் நிற்காது, வழுக்கிப் பக்கத்து இரும்பைத் தின்னும். துளை கோணிக்கொள்ளும். பிறகு ரீமர் போட்டுப் பெரிதாக்கி, அடுத்த அளவுப் பின் தேடி, அரை நாள் போய்விடும். பின்னின் விலை சில ரூபாய், பஞ்ச்சின் விலை நூறு, ஷாஃப்ட்டின் விலை ஆயிரங்களில். சேதம் மலிவானவர் தலையிலிருந்து விலையுயர்ந்தவர் தலைக்கு ஏறிவிட்டது. நல்ல பஞ்ச் இந்த ஏற்றத்தைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் என் தீர்ப்பு: 2லிருந்து 5 மில்லிமீட்டர் வரையுள்ள பின் பஞ்ச்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். தடிமன் ஏற ஏற தாராளம் குறையலாம். 8 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நல்ல கம்பித் துண்டே போதும்.

சில ஜெர்மன் தயாரிப்புகளில் மெல்லிய பின் பஞ்ச்சைச் சுற்றி ஓர் உறை இருக்கும். தொடக்கத்தில் நுனி மட்டும் வெளியே தெரியும். அடிக்க அடிக்க உறை பின்வாங்கும். ஆய்லர் கணக்கின் இரண்டாம் பாதியை, நீளத்தைக் குறைப்பதை, கருவியாகச் செய்துவிட்டார்கள். இதை முதலில் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு விலை உறைக்காது. ஸ்பிரிங் பின்னுக்கான பஞ்ச்சும் இதேபோல ஒரு சின்ன யோசனையால் உயர்ந்தது. உள்ளே வெற்றாக இருக்கும் அந்தப் பின்னை மொட்டை முனைப் பஞ்ச்சால் அடித்தால் அது வழுக்கிப் பின்னின் உள்ளே புகுந்து ஆப்பாக இறுக்கும், அல்லது வெளியே நழுவித் துளையைக் கீறும். அதற்கென்று செய்த பஞ்ச்சின் நுனியில் ஒரு சிறு குமிழ் இருக்கும், பின்னின் நடுவில் உட்காருவதற்கு. மலிவுப் படிகளில் இந்தக் குமிழ் பெருத்துவிடும். அடி முழுவதும் பின்னின் சுவருக்குப் போகாமல் குமிழுக்கே போகும். பார்ப்பதற்கு அதே பஞ்ச்தான்.

எல்லாருக்கும் இது தேவையா என்றால் இல்லை. ஊர்ச் சைக்கிள் கடையில் காட்டர் பின் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நட்டைத் தளர்த்திவிட்டு, கிராங்குக்கு அடியில் ஒரு பைப்புத் துண்டை முட்டுக்கொடுத்து, நேராகச் சுத்தியலாலேயே மரையின்மேல் ஒரு போடு. மரை நசுங்கும். நசுங்கினால் என்ன, புதுக் காட்டர் பின் டப்பாவில் இருக்கிறது. பேரிங்குக்கு அடி போகாமல் பைப்பு பார்த்துக்கொண்டது. சேதம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. அந்தக் கடைக்காரருக்கு சுவிஸ் பஞ்ச் விற்பவர் மோசடிக்காரர்.

சென்டர் பஞ்ச் வேறு ரகம். அங்கே பணத்தைவிடக் கை பெரிது. ஐ.டி.ஐ. பிட்டர் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே கோணங்கள்தாம்: டாட் பஞ்ச் 60 பாகை, சென்டர் பஞ்ச் 90 பாகை. கோடுகள் வெட்டும் இடத்தைப் பிடிக்க முன்னது, ட்ரில் உட்கார இடம் அமைக்கப் பின்னது. ட்ரில் பிட்டின் நட்ட நடுவில் ஒரு சின்ன மொட்டை விளிம்பு இருக்கிறது. அது வெட்டுவதில்லை, இரும்பைத் தள்ளி நகர்த்துகிறது. பள்ளம் அந்த விளிம்பைவிடச் சிறிதாக இருந்தால் பிட் இஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கிவிடும். அரை மில்லிமீட்டர் நடந்தால் போல்ட் ஏறாது.

கூரான டாட் பஞ்ச்சை ஸ்க்ரைபர் கோட்டின்மேல் லேசாகச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். கோட்டுக்குள் அது ஓடுவது விரலுக்குத் தெரியும். குறுக்குக் கோடு வந்ததும் ஒரு சின்னத் தடுக்கல். அங்கே நிறுத்தி, நிமிர்த்தி, ஒரு தட்டு. கண்ணாடி போட்ட பிட்டர்கள் கண்ணைவிட இந்தத் தடுக்கலைத்தான் நம்புகிறார்கள். அதற்கு முனை கூராக இருந்தால் மட்டும் போதாது, உடம்பின் அச்சிலேயே இருக்க வேண்டும். மலிவுப் பஞ்ச்களில் முனை ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். ஆனால் அது திருத்தக்கூடிய குறை. கிரைண்டர் தெரிந்தவர் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். எனவே இங்கே டபாரியா மாதிரி நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பஞ்ச்சே போதும் என்பேன். 1880லிருந்து அமெரிக்காவின் ஏதலில் கருவி செய்துவரும் ஸ்டாரெட்டின் பஞ்ச்சை வைத்திருப்பவர் சந்தோஷமாக இருக்கட்டும், எனக்குப் பொறாமையும் இல்லாமல் இல்லை. அதனால் துளை இடம்மாறப் போவதில்லை.

புதியவன் பஞ்ச் பிடித்தால் அவன் பார்வை தலையிலேயே இருக்கும், விரலில் அடி விழுந்துவிடுமோ என்ற பயம். கோவைப் பட்டறைகளில் கேட்கும் பாடம் இப்படி இருக்கும்:

"தலையப் பாக்காதடா தம்பி. முனையப் பாரு, சுத்தி தானா வரும்."

"கை மேல பட்டுருமுங்கண்ணா."

"படட்டும். ரெண்டு தடவ பட்டா அப்புறம் படாது."

தத்துவவாதி மைக்கேல் போலானி 1958இல் வந்த 'பெர்சனல் நாலெட்ஜ்' நூலில் ஆணி அடிப்பதை வைத்து இதையே பேசுகிறார். சுத்தியல் உள்ளங்கையில் அழுத்துவதை நாம் உணராமல் இல்லை, ஆனால் கவனம் அங்கே நிற்பதில்லை, அதன் வழியாக ஆணிக்குப் போய்விடுகிறது. அவர் கருவியின் தரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. பட்டறைக்காரருக்கு அதுதான் பிரச்சினை. தலை விரிந்து, உடம்பு வளைந்து, முனை ஒதுங்கிய பஞ்ச்சின் வழியாகக் கவனம் போகாது, இடையிலேயே மாட்டிக்கொள்ளும். கை 'இது வழுக்குமோ' என்று பஞ்ச்சையே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளில் நூறு துளைக்குக் குறி வைப்பவருக்கு இது சின்னச் செலவல்ல.

சேதம் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு, சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு பஞ்ச் இருக்கிறது. ஐரோப்பிய அச்செழுத்து முறையில் முதலில் பிறப்பது எஃகுப் பஞ்ச்தான். கோலின் நுனியில் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்கி, காய்ச்சிக் கடினமாக்கி, செம்புக் கட்டியில் அடித்துப் பதிப்பார்கள். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. தமிழ் எழுத்துகள் 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. இரண்டின் மாதிரிகளும் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தில் இருக்கின்றன. எழுத்துப் பஞ்ச்சில் ஒரு கால் கோணினால் அந்தக் கோணல் அதிலிருந்து வார்க்கும் ஒவ்வோர் எழுத்துக்கும், அச்சாகும் ஒவ்வொரு தாளுக்கும் போகும். பட்டறையில் நம்பர் பஞ்ச் வாங்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். கனெக்டிங் ராடின் மூடியிலும் உடம்பிலும் ஜோடி எண் அடித்து வைப்பது அடுத்து அந்த எஞ்சினைத் திறக்கப்போகிற, நாம் பார்க்கவே போகாத ஒருவருக்காக. 3ஆ 8ஆ என்று அவர் தடுமாறினால் மூடி மாறிவிடும். ஆகவே நம்பர் பஞ்ச்சுக்கும் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே, 'நாமே செய்துகொண்டால் என்ன' என்ற கட்சி ஒன்று உண்டு. எனக்கு அதன்மேல் சாய்வு அதிகம். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் ஆள், குந்தி உட்கார்ந்து, ஒரு சாண்கூட இல்லாத பொடி உளியைப் புள்ளி புள்ளியாகத் தட்டி நகர்த்திக்கொண்டே போவார். அது பெரும்பாலும் அவரே தீட்டியெடுத்த கம்பித் துண்டுதான். எந்தக் கம்பெனிப் பெயரும் அதில் இருக்காது.

பழைய அரத்தையோ நிமிர்த்திய காயில் ஸ்பிரிங்கையோ பஞ்ச்சாக்குவது கஷ்டமான வேலையில்லை, கவனமான வேலை. முதலில் முழுவதையும் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு, வடிவம் கொடுத்தபின் நுனிப் பக்கம் ஓர் அங்குலத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு ஒன்று உண்டு, 770 பாகை செல்சியஸ் அளவில். அதைச் சற்றே தாண்டியதும் எண்ணெயில் நேராக இறக்கினால் கடினம் ஏறிவிடும். அரத்தை வைத்து உரசினால் வழுக்கும். இந்த நிலையில் அது கீழே விழுந்தாலே ஒடியக்கூடும். எமரித்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, நுனிக்குப் பின்னால் உடம்பில் மறுபடி சூடு காட்ட வேண்டும். அப்போது நிறங்கள் கிளம்பி ஓடிவரும். முதலில் 220 பாகை அளவில் வெளிர் வைக்கோல் மஞ்சள். அடுத்து அடர் மஞ்சள், 255ஐ ஒட்டிப் பழுப்பு, 280இல் ஊதா, 300க்குப் பக்கத்தில் நீலம். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு முனையை நோக்கி நகரும். சென்டர் பஞ்ச் என்றால் பழுப்பு முனையைத் தொட்டதும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அதற்குக் கடினம் முக்கியம். பின் பஞ்ச் என்றால் நீலம் வரும்வரை பொறுக்கலாம், அதற்கு ஸ்பிரிங் குணம் வேண்டும். மேலே சொன்ன நிமிர்தல் பிறப்பது இந்த நீலத்தில்.

தோய்ப்பதற்காகத் தலைப் பக்கம் சூடு காட்டாததால் அது தானாகவே மெத்தென்று நிற்கும். கடையில் விலை கொடுத்து வாங்கும் 'இரண்டு குணம்' உலையில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் எந்தக் கம்பியும் ஆகும் என்று நினைத்தால் தப்பு. பல எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு, சூட்டில் தளராமல் இருப்பதற்கென்று வேறு வகை எஃகில் செய்தது. அதில் காந்தமே ஒட்டாது, எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கடினமும் ஏறாது. பழைய கைகள் வால்வை எடுத்ததும் காந்தம் வைத்துப் பார்ப்பது அதனால்தான். உடைந்த ஹைஸ்பீட் ட்ரில் பிட் நேர் எதிர். அதன் வெட்டும் பகுதி சுத்தியலைவிடக் கடினம். அதைப் பஞ்ச்சாக்கி அடிப்பவரின் முன்னால் நிற்காமல் இருப்பது நல்லது.

கைப்பஞ்ச் சிலசமயம் ஜெர்மன் பஞ்ச்சுக்குச் சளைக்காது, சிலசமயம் சளைத்துவிடும். செய்தவர் நிறத்தைப் பார்த்தது நிழலிலா வெயிலிலா, அன்று அவருக்கு அவசரமா நிதானமா என்பதைப் பொறுத்து. வெயிலில் நிறம் கண்ணை ஏமாற்றும். ஒரு செட்டில் ஆறு பஞ்ச் இருந்தால் ஆறும் ஒரே குணத்தில் அமைய வேண்டும், போன வருஷம் வாங்கியதற்கும் இந்த வருஷம் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதைக் கண்ணளவில் செய்ய முடியாது. பெரிய கம்பெனிகள் விற்பது ரகசிய எஃகை என்று நான் நம்பவில்லை. உலையின் சூட்டைக் கட்டுக்குள் வைத்திருப்பதையும், தவறியதைத் தூக்கிப்போடும் மனசையும் விற்கிறார்கள். தூக்கிப்போட்டதன் விலையும் நாம் கொடுப்பதில் சேர்ந்திருக்கிறது.

அந்த மனசு இல்லாதவர்களும் 'குரோம் வெனடியம்' என்று எழுதித்தான் விற்கிறார்கள். எழுத்துக்குச் செலவு கிடையாது. அதையும் ஒரு பஞ்ச்தான் அடித்திருக்கும். கடைக்காரர் பழக்கமானவராக இருந்தால் இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். கவுண்டர் கண்ணாடியின்மேல் பஞ்ச்சை உருட்டினால் முனை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு சின்ன அரத்தை முனையில் உரசினால் வழுக்க வேண்டும், தலையில் உரசினால் கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் அது வெறும் கம்பி. இரண்டிலும் வழுக்கினால் வாங்கவே கூடாது, அது கண்ணுக்கு ஆபத்து. அரம் எடுக்க விடாத கடைக்காரர் மேல் கோபப்படவும் முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பித்தளை டிரிஃப்ட்டை விலைக்கு வாங்குவது அநாவசியம், பழைய இரும்புக் கடையில் ராடு வெட்டி வாங்கினால் போதும். அது தேய்வதற்கென்றே இருப்பது. கேஸ்கட்டுக்கான ஹாலோ பஞ்ச் மலிவானதே நன்றாக இருக்கும், விளிம்பைத் தீட்டத் தெரிந்தால். ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச்சில் மட்டும் மலிவு வேண்டாம். உள்ளே ஸ்பிரிங்கும் விடுவிக்கும் கட்டையும் இருக்கின்றன. அரைகுறையாகச் செய்தது சிலசமயம் அடிக்கும், சிலசமயம் அடிக்காது.

வாங்கி வந்த நல்ல செட் எங்கே போகிறது என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம். முதலாளியின் டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பையனுக்குக் கிடைப்பது பெயிண்ட் டப்பா. வளைந்த பஞ்ச்சில் தொழில் படிப்பவன் அந்த வளைவுக்கு ஏற்பக் கையைக் கோணப் பழகிக்கொள்கிறான். நேரான பஞ்ச் கையில் வரும்போதும் கை கோணத்தான் செய்யும். கேட்டால், "நல்லதக் குடுத்தா கிரைண்டர்ல வெச்சு நீலமாக்கிருவானுங்க" என்பார்கள். பொய்யில்லை. சென்டர் பஞ்ச்சின் முனை நீலமான நொடியில் டெம்பர் போய்விட்டது, சுவிஸ் பஞ்ச்சும் கம்பித் துண்டும் அங்கே சமம். ஆனால் அதற்கு மருந்து பூட்டு இல்லை. ஒரு வேண்டாத ராடைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு டின் தண்ணீர் வைத்து, சக்கரத்தில் லேசாகத் தொடு, எடு, நனை, கீறல்கள் முனையை நோக்கி நீளவாக்கில் ஓடும்படி பிடி என்று ஒரு மத்தியானம் பக்கத்தில் நின்று காட்டினால் போதும். ராடு குட்டையாகும்வரை அவன் தீட்டட்டும். அதன்பிறகு டிராயர் சாவியைக் கொடுக்கலாம், குறைந்தது 3 மில்லிமீட்டர் பஞ்ச்சையாவது.